ஆர் கூப்பிட்டது?

கூட்டத்தைக் கண்டால் நான் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தானாக வரும். எங்கள் டாக்டரம்மா அப்படியே நேர்மாறு. பத்துப் பேர் ஓரிடத்தில் நின்றால் போதும், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்: "இவ்வளவு பேர் ஏன் இஞ்ச நிக்கினம்? ஆர் கூப்பிட்டது?"

ஒருமுறை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் இப்படி நின்று விசாரித்துவிட்டு, வேலைக்கு அரைமணி நேரம் பிந்தி வந்தார். யாரோ ஒருவர் தொலைத்த மோதிரத்தைத் தேடியிருக்கிறார். மற்றவர்கள் அவர் தேடுவதைப் பார்க்க நின்றிருக்கிறார்கள். "நாப்பது பேர் ரீற்றா. தேடினது ஒராள்" என்று சொல்லிவிட்டு, பெரிய கண்டுபிடிப்புச் செய்தவர் போல மேசையில் உட்கார்ந்தார். இதற்காகவா பிந்தி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் டைப்பிஸ்ட் அதையெல்லாம் கேட்க முடியாது. முகத்தில் காட்டினேன்.

அவர் டாக்டர் என்றாலும் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கிறவர் இல்லை. ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுக்கும் சதைத்துண்டுகள் கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் ஆய்வுகூடத்துக்குப் போத்தல்களில் வரும். அவற்றை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைப்பார்கள். அவர் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கையால் எழுதித் தருவார். நான் டைப் அடிப்பேன். அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தவள் இலங்கையில் நான் ஒருத்திதான் என்று அந்த நாளில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அது போர்க்காலம். வடக்கிலிருந்து வந்தவர்களால் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு மேல்மாடி அறைகள் நிறைந்திருந்தன. அவரும் அப்படி ஓர் அறையில் தனியாக இருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. வந்த புதிதில் அவருக்குச் சிங்களம் ஓர் எழுத்தும் தெரியாது. பஸ்ஸில் கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட என்ன, என்ன" என்று கத்துவான். முன்னுக்கு வா, வா என்று அர்த்தம். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வா'. இவர் அவனைத் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்று கேட்பாராம். அவன் "என்ன!" என்பானாம். இவர் மறுபடியும் "என்ன?" என்பாராம். கொள்ளுப்பிட்டி வரும்வரை இருவரும் இப்படியே கதைத்துக்கொண்டு வந்ததை அவரே சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நான் அன்று அவ்வளவாகச் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு இருந்தது. அவர்மேல் என்றில்லை, வந்த எல்லார்மேலும்தான். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொட்டாஞ்சேனை ஆட்கள். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து செத்தவர். எங்கள் வீட்டுக் கதவைப் பொலிஸ் முதல் தடவையாகத் தட்டி, அம்மாவையும் தங்கச்சியையும் என்னையும் வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை பார்த்த மறுநாள், ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "யாழ்ப்பாணத்து ஆளுங்க வந்து குவிஞ்சுதான் எங்களுக்கும் இந்தக் கரச்சல். சும்மா இருந்தோம்."

சொன்ன பிறகுதான் கதவோரத்தில் அவர் நிற்பதைக் கண்டேன். அவர் கோபிக்கவில்லை. "வந்தனாங்கள் எண்டது சரி" என்றார். "ஏன் வந்தனாங்கள் எண்டும் ஒருக்கால் கேளுங்கோ." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க நான் டைப் அடித்ததில் பிழைக்கு மேல் பிழை.

மைக்ரோஸ்கோப்பிலும் அவர் அதே ஆள்தான். மற்ற டாக்டர்கள் புற்றுநோயைத் தேடுவார்கள். இருக்கிறது, இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த தகட்டுக்குப் போவார்கள். இவர் அதைச் சுற்றி நிற்பவர்களைப் பார்ப்பார். உடம்பைக் காக்க இரத்தத்தில் ஓடித்திரியும் அணுக்களை 'ஆக்கள்' என்றுதான் சொல்லுவார். சின்ன நீலப் பொட்டுகளாகத் தெரிபவை 'சின்னவை'. சிவப்பாகத் தெரிபவை 'சிவப்புச் சட்டையள்'. கண்டதையெல்லாம் விழுங்கிப் பெருத்தவை 'தின்னியள்'. "இந்தப் பக்கம் சின்னவை நிறைய நிக்கினம். உள்ளுக்கு ஒருத்தரும் போகேல்லை. வாசலிலயே நிக்கினம், ஏன்?" என்று தனக்குள் கதைத்துக்கொண்டு இருப்பார். அறிக்கையின் அடியில் யாரும் கேட்காத ஒரு பந்தி அதைப் பற்றி எழுதுவார். சத்திரசிகிச்சை டாக்டர்கள் அந்தப் பந்தியை வாசிப்பதே இல்லை. டைப் அடித்து விரல் நோவது எனக்குத்தான்.

எங்கள் கோயிலில் ஒரு சுகாதார நாளுக்காகப் புற்றுநோய் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். தந்தார். டைப் அடிக்கும்போது கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று 'நமது உடலின் போர்வீரர்கள்' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அவர் சிவப்புப் பேனையால் 'போர்வீரர்கள்' என்பதை வெட்டி 'ஆட்கள்' என்று எழுதினார்.

"ஏன் டொக்டர்? எல்லா புஸ்தகத்துலயும் அப்பிடித்தானே இருக்கு?"

"போர்வீரர் எண்டால் உடன எங்கட பக்கம், அவங்கட பக்கம் எண்டு வந்திடும். இவைக்குப் பக்கம் இல்லை ரீற்றா. கூப்பிட்ட இடத்துக்குப் போவினம். புண் கூப்பிட்டால் புண்ணை ஆத்துவினம். புற்றுநோய் கூப்பிட்டால் அதுக்கும் போவினம். அது தந்திரக்காரன். வந்தவையைக் கொண்டே தனக்கு வேலை செய்விச்சுப்போடும்."

இப்படி ஒன்றைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டால் சனம் குழம்பிவிடும் என்றேன். "குழம்பட்டும்" என்றார்.

என் தங்கச்சி ஜெசி என்னைவிடப் பத்து வயது இளையவள். அப்பா போன பிறகு நான்தான் அவளைப் படிப்பித்தேன். மொண்டிசோரி டீச்சராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் வலது பக்கம் ஒரு வீக்கம் வந்தது. நோவில்லை. அம்மா தடவிப் பார்த்து, "நெறி கட்டியிருக்கு" என்றார். நெறி என்றால் எங்கள் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டும், பல் சூத்தையானால் கழுத்தில் கட்டும். அம்மா அவள் பல்லைப் பார்த்தார், தலையில் பேன் பார்த்தார், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். 'கட்டி' என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அன்றே ஓடியிருப்போம். நெறி என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாலு மாதம் சும்மா இருந்தோம்.

ஒருநாள் வீட்டுக் கதவுத் திறப்பை வாங்கிப் போக ஜெசி ஆய்வுகூடத்துக்கு வந்தாள். அவர் வாசலில் அவளைக் கண்டு குசலம் விசாரித்தார். பேச்சை நடுவில் விட்டுவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தார்.

"எத்தினை நாளாக் கிடக்கு?"

"நாலு மாசம் டொக்டர். நெறி."

"நெறி எண்டால் வந்த காரணம் முடிய அதுவும் போயிடுமே. இது ஏன் இன்னும் நிக்குது?"

அடுத்த கிழமையே அந்த நெறியை வெட்டி எடுக்க வைத்தார். அது எங்களிடமே போத்தலில் வந்தது. அன்று அவர் லீவு. ஆய்வுகூடத்துக்குச் சொந்தக்காரரான பெரிய டாக்டர்தான் தகட்டைப் பார்த்தார். நல்ல மனுசன். ஏதோ கிருமிக்கு உடம்பு காட்டிய எதிர்ப்பு, பயமில்லை என்று எழுதித் தந்தார். நான் டைப் அடித்த கையோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினார். அக்கம்பக்கத்துக்குக் கேக் வெட்டிக் கொடுத்தோம்.

அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மறுநாள் அவர் இரண்டாவது கையெழுத்தைப் போடவில்லை. தகட்டை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை குனிந்தே இருந்தார். புட்டுப் பெட்டி திறக்கப்படாமல் கிடந்தது. நான் மூன்று தரம் போய் நின்றேன்.

"டொக்டர், நீங்க ஏன் இன்னும் சைன் வைக்கல்ல?"

"ஆக்கள் கூடிப்போச்சு ரீற்றா. சின்னவை நிக்கினம், சரி. சிவப்புச் சட்டையளுக்கு இஞ்ச என்ன வேலை? தின்னியளும் நிக்கினம். எல்லா வகையும் ஒரே இடத்தில. இவ்வளவு பேரை ஆர் கூப்பிட்டது?"

"பெரிய டொக்டர் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாரே."

"கூப்பிட்டவனைக் காணேல்லை எண்டுதான் அவர் எழுதியிருக்கிறார். இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? இன்னும் ஆழமா வெட்டிப் பாக்கவேணும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டில் கேக் வெட்டியாகிவிட்டது. அம்மாவின் முகத்தில் அந்தக் கிழமை முழுக்கக் காணாத சிரிப்பைப் பார்த்திருந்தேன். "உங்களுக்கு எங்க வீட்டுல நோய் வேணுமா டொக்டர்?" என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் என் நாக்கை அறுக்க வேண்டும் போல இருக்கும்.

"வேண்டாம்" என்றார். "அதாலதான் பாக்கிறன்."

அந்த நேரம் பார்த்து எங்கள் சீவும் மெஷின் பழுது. திருத்த இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். கொள்ளுப்பிட்டியில் அவருக்குத் தெரிந்த இன்னோர் ஆய்வுகூடம் இருந்தது. தங்கச்சியின் சதை பதித்த மெழுகுக் கட்டியைத் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். வெயிலில் மெழுகு இளகிவிட்டால் சீவ முடியாது. ஆகவே தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி, ஐஸ் போட்டு, அதற்குள் கட்டியை வைத்து மூடி, பஸ் ஏறினார்.

கோட்டைக்குப் பக்கத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஓர் ஆமிக்காரப் பொடியன் பெட்டியைத் திறந்து பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறான். மெழுகுக்குச் சிங்களம் 'இட்டி' என்று அவருக்குத் தெரியும். சொன்னார். "இட்டிபந்தம்த?" என்று கேட்டானாம். மெழுகுதிரியா? ஓம் என்று தலையாட்டிவிட்டு ஏறியிருக்கலாம். இவர் இல்லை என்று சொல்லி, சந்தையில் படித்த சிங்களத்தில் விளக்கம் கொடுத்தார்: "மினிஹெக்கே மஸ்." மனிதச் சதை என்று சொன்னதாக அவர் நினைப்பு. 'மஸ்' என்றால் கடையில் வாங்கிக் கறி வைக்கிற இறைச்சி. சாப்பாட்டுப் பெட்டியில் மனித இறைச்சி கொண்டுபோகிற யாழ்ப்பாணத்துப் பொம்பிளையை அந்தப் பொடியன் வாழ்க்கையில் கண்டிருக்கமாட்டான். நேரே பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செய்தி வந்து, பெரிய டாக்டரின் கடிதத்தோடு நான் ஓடினேன். பிறந்த ஊர்ச் சிங்களம் எனக்கு நன்றாக வரும். உள்ளே போனால், அவர் வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் சாப்பாட்டுப் பெட்டி. மூன்று மணித்தியாலமாக அவர் தன்னை விடச்சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஐஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு வயதான கொன்ஸ்டபிள் என்னிடம் சொன்னார். கரைச்சல் தாங்காமல் அவரே இரண்டு தரம் குளிர்பானக் கடையில் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார்.

கடிதத்தைக் காட்டி, விளக்கம் சொல்லி, வெளியே கூட்டிவந்தேன். "மெழுகுதிரின்னு சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பானே டொக்டர்?" என்றேன்.

"மெழுகுதிரி எண்டால் கொளுத்திப் பாப்பினம்" என்றார்.

என் தங்கச்சிக்காக அந்த வாங்கில் அப்படி இருந்த மனுசியிடம் முதல் நாள் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. தெருவில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். "கெதியா நடவுங்கோ, ஐஸ் கரையுது" என்றார்.

கொள்ளுப்பிட்டியில் சீவியெடுத்த தகடுகளை மறுநாள் எங்கள் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். முதல் மூன்றிலும் கூட்டம்தான். நாலாவதில் அவர் கை நின்றது. நெடுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, மைக்ரோஸ்கோப்பின் மற்றக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார்.

"நடுவில பாருங்கோ. பெரிசா, ரெண்டு கண்ணோட."

நீலப் பொட்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக, ஆந்தைபோல இரண்டு கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவன்தான் கூப்பிட்டவன்."

நான் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தேன். அவர் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். அது நெறிக்குள் வருகிற ஒரு வகைப் புற்றுநோய். "தடவிப் பாக்கேக்க கையில தட்டுப்படுற கட்டி இவன் இல்லை ரீற்றா. நூறு பேரில இவன் ஒராள்கூட வராது. மிச்சம் முழுக்க உங்கட தங்கச்சியின்ர சொந்த ஆக்கள். ஏதோ பிழை நடக்குது எண்டு காவலுக்கு வந்தவை. இவன் அவையைப் போகவிடாமல் மறிச்சு வைச்சிருக்கிறான். இப்ப அவைதான் இவனுக்குச் சமைச்சுப் போடுகினம், வெளியில தெரியாமல் மறைச்சும் நிக்கினம். அவை இல்லாட்டி இவனுக்கு வாழத் தெரியாது."

"அப்ப அவங்களும் கெட்டவங்கதானே?" என்றேன் அழுதுகொண்டு.

"வந்தவையைப் பிழை சொல்லாதேங்கோ. கூப்பிட்டவனைப் பிடிச்சால் அவை தங்கட பாட்டில கலைஞ்சு போவினம். இவன் பிடிக்கக்கூடிய ஆள். மருந்து இருக்கு. நேரத்தோட கண்டிட்டம்."

பெரிய டாக்டரும் வந்து பார்த்தார். தன் அறிக்கையைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு, அவருக்குக் கைகொடுத்தார். புதிய அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன். சுற்றி நிற்பவர்களைப் பற்றிய அந்தக் கடைசிப் பந்தியை ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அந்தப் பந்திக்காக அவர் வருடக்கணக்காகப் பட்ட பாட்டில்தான் என் தங்கச்சி பிழைத்தாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

ஜெசி மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வரத் தொடங்கினாள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, சோறு வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் இரண்டாம் தரம் ஏற்றிய பிறகு கழுத்து வீக்கம் பாதியாகிவிட்டது. அவர் விரலால் தொட்டுப் பார்த்து, "கலைஞ்சு போகினம்" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டார். ஜெசிக்கு இன்று மூன்று பிள்ளைகள். வாய்க்கு வாய் காட்டுகிற பிள்ளைகள்.

இதற்கிடையில் வெள்ளவத்தையில் அவர் இருந்த வீட்டுக்காரருக்கு, அவரைப் பொலிஸ் கொண்டுபோன கதை எட்டிவிட்டது. அந்த மனிதருக்கும் பயம்தான். மாத முடிவில் அறையை விடச் சொல்லிவிட்டார். அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு சூட்கேசும் வேலைக்கு வந்ததைக் கண்டு நான்தான் கேட்டுப் பிடுங்கினேன். வீட்டில் சொன்னேன். அம்மா பாதி கேட்கும்போதே முன்னறைக் கட்டிலுக்குப் புதுவிரிப்புப் போட எழும்பிவிட்டார்.

வெளியாட்களை வீட்டில் வைத்தால் பொலிசில் பதிய வேண்டும். வீட்டுக்காரி என்ற முறையில் நான் அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஸ்டேஷனுக்குப் போனேன். மேசையில் இருந்த அதிகாரி அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். என் அட்டையைப் பார்த்தார். பிறந்த இடம் கொழும்பு. உனக்கு எதற்கு இந்தக் கரைச்சல் என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு பேனையைப் பிடித்தபடி கேட்டார்: "கவுத மெயாட்ட என்ன கிவ்வே?"

இவரை வரச் சொன்னது யார்?

அந்தக் கேள்வியை அவர் வாயால் நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன், எத்தனை வருடம் அதற்கு முகம் சுளித்திருக்கிறேன். அன்று எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மேசைக்குக் கிட்டப் போய், அந்த ஸ்டேஷன் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"அபி. அபி தமய் என்ன கிவ்வே."

நாங்கள். நாங்கள்தான் வரச் சொன்னோம்.

அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்து படியில் அவர் நின்றுவிட்டார். குடையை விரிக்கவில்லை.

"கொழும்புக்கு வந்த நாளில இருந்து எத்தினை பேர் என்னட்டை இதைக் கேட்டிட்டினம்" என்றார். "வேலைக்கு வந்தனான், வேலைக்கு வந்தனான் எண்டு நான்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். நீங்கள் உள்ளுக்குச் சொன்னதை இன்னொருக்கால் சொல்லுங்கோ."

சொல்லத் தொடங்கினேன். பாதிதான் வெளியே வந்தது.

"என்ன?" என்றார், காதைச் சாய்த்துக்கொண்டு.

"என்ன!" என்றேன் நான், கொண்டக்டரைப் போல. அவர் சிரித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.